பழைய கூடம், சின்னக் கையிருப்பு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'குறைந்த செலவில் வீட்டு அலங்காரம்'. அலங்காரம்னு கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். நான் 14 வருஷம் சித்தாளா இருந்தவ. கலவை கலக்கி, செங்கல் சுமந்து, அடுத்தவங்க வீட்டுச் சுவரை எத்தனையோ பார்த்தாச்சு. அலங்காரம் தெரியாது, சுவர் தெரியும். அதனால் தலைப்பைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். நம்ம வீட்டு முன்பக்கம் இருக்கே, கூடம்னு சொல்றோம், ஹால்னு சொல்றோம், அதைக் கையில் இருக்கிற காசுக்குள் எப்படிச் சரி பண்றது, அதுக்குன்னு எவ்வளவு கடன் வாங்கலாம், எங்கே நிறுத்தணும். இதைத்தான் பேசப் போறேன்.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. உங்க குழுவோட தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. கறவை மாடு, விதை, பள்ளிக்கட்டணம், மருத்துவச் செலவு, அதுக்கு நடுவுல 'வீட்டுப் பராமரிப்பு'ன்னு ஒரு வரி அடிக்கடி வரும். பராமரிப்புன்னு எழுதறோமே தவிர, உள்ளே போய்ப் பார்த்தா பாதி நேரம் கூடத்துக்கு சோபா, சுவருக்கு டிசைன் ஷீட், மேலே பால்ஸ் சீலிங். தப்புன்னு சொல்ல வரல. மனுஷனுக்கு நல்லா இருக்கணும்னு ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனா அந்தக் கடன் பால் கறக்காது.

1989ல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தோட உதவியில் தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கினப்ப, முதல் குழுக்கள் ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அப்ப கிருஷ்ணகிரியும் நம்மளோடதான் இருந்தது, 2004லதான் தனி மாவட்டம் ஆச்சு. அந்த முதல் குழுக்கள் எங்க கூடினாங்க? கட்டடம் ஏது? யார் வீட்டுத் திண்ணை பெருசோ அங்க, மழை வந்தா யார் வீட்டுக் கூடத்தில் ஒழுகலையோ அங்க. பாய் விரிச்சு, நடுவுல ஒரு இரும்புப் பெட்டி, அதுக்கு மூணு பூட்டு. 1997ல மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்கப் போறதுக்கு முன்னாடியே நம்ம வீட்டுக் கூடங்கள்ல கூட்டம் நடந்தாச்சு. இன்னிக்கும் பல ஊர்ல அப்படித்தான். அதனால கூடம்னா விருந்தாளிக்குக் காட்டற இடம் மட்டும் இல்லைங்க. ராத்திரி அதுதான் படுக்கை அறை. சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் படிப்பறை. மாசத்துல ரெண்டு நாள் குழு கூடற அறை. இதை மனசுல வெச்சுக்கிட்டு மத்ததைக் கேளுங்க.

எங்க குழுவில் நடந்ததை ஒண்ணு சொல்றேன். பேர் சொல்லலை, அவங்க இங்கே வந்திருக்காங்க, சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நாங்க 14 பேர். ஒரு கூட்டத்தில் ஒரே நாளில் ரெண்டு கடன் கோரிக்கை வந்தது. ஒரு அக்கா, மகளைப் பெண் பார்க்க தை மாசம் வர்றாங்க, கூடம் பார்க்கச் சகிக்கலை, 65,000 வேணும்னு கேட்டாங்க. இன்னொரு தங்கச்சி, மகளுக்கு நர்சிங் படிப்புக்கு 40,000 கட்டணம்னு கேட்டாங்க. குழுவோட கையிருப்பு அன்னிக்கு 58,000. ரெண்டும் பெண் பிள்ளை விஷயம். யாரை வேணாம்னு சொல்றது? முதல்ல கேட்டவங்களுக்கு முதல்லன்னு சிலர். படிப்புக்குத்தான் முன்னுரிமைன்னு சிலர். கூடத்துக்குக் கேட்ட அக்காவுக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது. "உங்க வீடெல்லாம் மெத்தை வீடு, எம்பொண்ணை மட்டும் அந்தச் செவுத்துக்கு முன்னாடி உட்கார வெக்கணுமா"ன்னு கேட்டாங்க. அதுக்கு யாரும் பதில் சொல்ல முடியலை.

அப்ப ஊக்குநர் அக்கா சொன்னாங்க, "பணத்தை அப்புறம் பேசலாம், வாங்க முதல்ல போய்ச் செவுத்தைப் பார்க்கலாம்"னு. கூட்டத்தை அப்படியே நிறுத்திட்டு 14 பேரும் எழுந்து போனோம்.

அது பழைய தொகுப்பு வீடு. கூடம் 10க்கு 12 அடி. கீழே ரெண்டு அடி உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து, பூச்சு பொரிஞ்சு கிடந்தது. மூணு தடவை பெயிண்ட் அடிச்சிருக்காங்க, மூணு தடவையும் ஆறு மாசத்தில் உரிஞ்சிருக்கு. இந்தத் தடவை அந்த இடத்தை மறைக்க பிளாஸ்டிக் ஷீட் ஒட்டலாம்னு ஒரு கடைக்காரர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். நான் வெளிப்பக்கம் சுத்திப் போய்ப் பார்த்தேன். குளிக்கிற தண்ணி சுவர் ஓரமாவே ஓடுது. இன்னொரு பக்கம் மண்ணைக் கொட்டிக் கொட்டி, வீட்டுத் தரை மட்டத்துக்கு மேலேயே மண் ஏறியிருக்கு. சுவர் தண்ணியைக் குடிக்காம என்ன பண்ணும்?

இதுதாங்க முதல் பாடம். கூடத்தைச் சரி பண்றது கூடத்துக்குள்ள ஆரம்பிக்காது. வெளியில ஆரம்பிக்கும். ஓதம் ஏறின சுவரில் எந்த விலை பெயிண்டும் நிக்காது. அதுக்கு மேல ஷீட் ஒட்டினா உள்ளே ஈரம் அடைபட்டு, பூஞ்சை பிடிச்சு, நாத்தம் வரும். சுவரும் சேர்ந்து கெட்டுப் போகும். புண்ணைக் கழுவாம கட்டுப் போடற வேலை அது. சுவர் ஓரத்து மண்ணைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்குங்க. குளிக்கிற தண்ணி தள்ளிப் போக ஒரு வாய்க்கால் கட்டுங்க. சுவரை ஒட்டி வெளிப்பக்கம் ரெண்டு அடி அகலத்துக்கு, தண்ணி வழிஞ்சு விலகற மாதிரி சரிவா சிமெண்ட் போடுங்க. கூரைத் தண்ணி சுவரில் தெறிக்குதான்னு மழை பெய்யறப்ப நின்னு பாருங்க. மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து, தண்ணி தேங்குதான்னு பாருங்க. அப்புறம் பொரிஞ்ச பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, சுவரைச் சும்மா காய விடுங்க. ஒரு வெயில் காலம் காய்ஞ்சா ரொம்ப நல்லது, கொறஞ்சது சில வாரமாவது வேணும். இதுல அழகு ஒண்ணும் தெரியாது. யாரும் வந்து பாராட்ட மாட்டாங்க. ஆனா செலவு மிச்சமாகற இடம் இதுதான்.

மண் சுவர் வீட்டுக்காரங்க ஒண்ணு கவனிங்க. மண் சுவர் மேல சிமெண்ட் பூசாதீங்க. மண்ணு ஈரத்தை இழுக்கும், விடும். சிமெண்ட் விடாது. ரெண்டும் ஒட்டாம, நாலு வருஷத்தில் தட்டினா தொப்புனு சத்தம் வரும், அப்புறம் பெரிய பாளமா விழும். மண் சுவருக்கு மண் பூச்சு, இல்லைன்னா சுண்ணாம்புப் பூச்சு. நம்ம பாட்டிமார் போகிக்குப் போகி செஞ்சதுதான்.

சுண்ணாம்பைப் பத்தி ஒரு வார்த்தை. இப்ப சுண்ணாம்பு அடிச்ச வீடுன்னா ஏழை வீடுன்னு ஒரு நினைப்பு வந்துட்டுது. அதைவிட மலிவா, சுவர் மூச்சு விடற மாதிரி பூச்சு வேற எதுவும் எனக்குத் தெரியலை. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் அண்டாது. சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி, தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமா போட்டு நீற்றணும். கொதிச்சுத் தெறிக்கும். கண்ணில் பட்டா பார்வையே போகும், அதனால பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க, பிளாஸ்டிக் வாளியிலும் நீற்றாதீங்க, இளகிடும். ஒரு ராத்திரியாவது ஊறணும், நாலு நாள் ஊறினா இன்னும் நல்லா ஒட்டும். மெல்லிய துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் பிசின், துளி நீலம். சுவரை நனைச்சுட்டு, தண்ணியா மூணு தடவை அடிக்கணும். கெட்டியா ஒரே தடவை அடிச்சா உதிரும். முதுகுல வெள்ளை ஒட்டுதுன்னு சொல்றதெல்லாம் கெட்டியா அடிச்ச வீட்டுலதான். ஏற்கெனவே டிஸ்டெம்பரோ எமல்ஷனோ ஆயில் பெயிண்ட்டோ அடிச்ச சுவரில் இது பிடிக்காது, அதைச் சுரண்டி எடுத்தாத்தான் உண்டு.

எங்க அக்கா வீட்டில் ஏற்கெனவே பெயிண்ட் அடிச்ச சுவர், அதனால எமல்ஷன்தான்னு முடிவு பண்ணினோம். எவ்வளவு வாங்கறது? இங்கேதான் நாம ஏமாறறோம். கடைக்காரர் பத்து லிட்டர் டப்பாவை எடுத்து வெப்பார். நாமளும் தலையாட்டுவோம். கணக்கு ரொம்பச் சுலபம். பத்தும் பன்னெண்டும் கூட்டினா 22, நாலு சுவருக்கும் 44 அடி சுத்தளவு. உயரம் 9 அடி. 44ஐ 9ஆல் பெருக்கினா 396 சதுர அடி. ரெண்டு வாசக்கால் 42 சதுர அடி, ஜன்னல் 12, மொத்தம் 54ஐக் கழிச்சா 342. பட்டி பார்த்து பிரைமர் அடிச்ச சுவரில் ரெண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 50லேர்ந்து 60 சதுர அடி வரும், டப்பா மேலேயும் போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க. அப்ப ஆறு, ஏழு லிட்டர். நாலு லிட்டர் ஒரு டப்பா, ஒரு லிட்டர் ரெண்டு டப்பா, பத்தலைன்னா இன்னொரு லிட்டர். பத்து லிட்டர் எதுக்கு? குழுவில் வட்டிக் கணக்கு போடற கைக்கு இந்தக் கணக்கு பெருசே இல்லை. மேல் தளத்துக்கு வெள்ளை தனி, அது நல்ல வெள்ளையா இருந்தா பகல்ல விளக்கு போட வேண்டாம்.

நிறம் உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்றேன், சின்னக் கூடத்தில் மூணு சுவர் ரோஸ், ஒரு சுவர் கத்திரிப்பூன்னு அடிச்சா அறை இன்னும் சின்னதாத் தெரியும்.

கதவு ஜன்னலுக்கு வந்தா, இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க, முக்கியமா கைக்குழந்தை இருக்கிறவங்க, வயித்துப் பிள்ளைக்காரங்க. பழைய எனாமல் பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் 2017 நவம்பர் 1லேர்ந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தி அடிச்ச கதவை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா, அந்தத் தூள் தரையில் படியும். தவழற குழந்தை அதைத் தொட்டு வாயில் வெக்கும். ஈயம் குழந்தையோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கண்ணுக்குத் தெரியாம கெடுக்கும். அதனால தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்கி, நனைச்சு நனைச்சுத் தேயுங்க. மூக்கு வாயைக் கட்டிக்குங்க. தூளை விளக்குமாத்தால் கூட்டாதீங்க, ஈரத்துணியால் ஒத்தி எடுங்க. குழந்தையை அந்த ரெண்டு நாள் பாட்டி வீட்டில் விட்டுடுங்க. கர்ப்பிணிகள் அந்த வேலையே செய்ய வேண்டாம்.

அடுத்து ஷோகேஸ். இந்த இடத்தில் எல்லாரும் சிரிக்கிறீங்க. 2006க்கு அப்புறம் அரசு இலவச கலர் டிவி கொடுத்தப்ப, அதை வெக்க ஊரெல்லாம் கூடத்தில் ஷோகேஸ் கட்டினோம். அந்தப் பெட்டி டிவிக்குப் பின்னாடி புடைச்சுக்கிட்டு இருக்கும், அதனால ரெண்டு அடி ஆழத்துக்குக் கட்டினோம். சுத்திலும் சின்னச் சின்ன மாடம், அதில் பொம்மை, பிளாஸ்டிக் பூ, யாரோ கல்யாணத்தில் கொடுத்த டம்ளர். இப்ப டிவி தகடு மாதிரி ஆயிட்டுது, சுவரில் தொங்குது. ஆனா ஷோகேஸ் மட்டும் சின்னக் கூடத்தில் ரெண்டு அடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சிலர் அதை இடிச்சுட்டு, டிவி யூனிட்னு புதுசா பிளைவுட்டில் செய்யறாங்க. ஏன் இடிக்கணும்? அதை அப்படியே அலமாரி ஆக்கலாம். நடுவுல டிவி இருந்த குழியில் ஒரு கடப்பா கல்லைக் குறுக்கே வெச்சா, பிள்ளைங்களுக்குப் படிக்கிற மேசை. கீழ் மாடத்துக்கு ரெண்டு கதவு போட்டா, படுக்கை சுருட்டி வெக்கிற இடம். எங்க அக்கா வீட்டில் அப்படித்தான் செஞ்சோம். மேல் மாடம் ஒண்ணில் குழுவோட பதிவேடுகள் இருக்கு. பொம்மைகளைப் பேரப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கிட்டாங்க, இத்தனை வருஷமா தொட விடாம வெச்சிருந்தது.

சோபா பத்தி என் கருத்தைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். 10க்கு 12 கூடத்தில் மூணு சீட்டு ஒண்ணு, ஒரு சீட்டு ரெண்டு போட்டா, பாதி தரை போச்சு. அதில் ஆறு பேர் உட்காரலாம்னு வெச்சாலும், 14 பேர் கூட்டம் நடத்த முடியாது. ராத்திரி நாலு பேர் பாய் விரிக்க முடியாது. வெயில் காலத்தில் அந்த ரெக்சின் மேல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க, துணி காயப் போடத்தான் ஆகும். சுவர் ஓரமா ஒன்றேகால் அடி அகலத்தில், உள்ளேயே ஒரு திண்ணை மாதிரி செங்கல் வெச்சுக் கட்டி, மேலே கல் பதிச்சா, கீழே சாமான் வெக்கலாம், மேலே அஞ்சு பேர் உட்காரலாம், அம்பது வருஷம் இருக்கும். நம்ம பழைய மாவட்டம் முழுக்க கிரானைட் வெட்டற ஊரு. மீந்து போன வெட்டுத் துண்டு கிடைச்சா அதுவே போதும். இல்லைன்னா பழைய மரக்கட்டில் ஒண்ணைக் கால் வெட்டி உயரம் குறைச்சு, பழைய சேலையில் தைச்ச மெத்தை போட்டா அதுவும் சோபாதான். பீரோ கூடத்தில் இருந்தா முதல்ல அதை உள்ளே தள்ளுங்க. அந்த ஒரு வேலைக்கே அறை பெருசாயிடும், பைசா செலவில்லை.

தரை பெயர்ந்திருந்தா, டைல்ஸ் கடையில் உடைஞ்ச துண்டுகளைக் கேட்டுப் பாருங்க. கேரளாவில் லாரி பேக்கர்னு ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார், இங்கிலாந்தில் பிறந்து இங்கேயே தங்கிட்டவர், 2007ல காலமானார். ஏழைகளுக்கு மலிவா வீடு கட்டறதையே வாழ்நாள் வேலையா செஞ்சவர். திருவனந்தபுரத்தில் அவர் தனக்குக் கட்டிக்கிட்ட வீட்டுச் சுவர்களிலேயே பழைய பாட்டில், உடைஞ்ச ஓட்டுச் சில்லெல்லாம் பதிச்சிருக்கு. அவ்வளவு பேர் வாங்கின மனுஷனுக்கே உடைஞ்ச துண்டு கௌரவக் குறைச்சலா படலை. சிவப்பு ஆக்சைடு தரை வெச்சிருக்கிறவங்க அதை உடைச்சுட்டு டைல்ஸ் போட நினைச்சா, ஒரு தடவை யோசிங்க. விரிசலை மட்டும் ஆக்சைடு கலந்த சிமெண்ட்டால் அடைச்சு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. பட்டணத்தில் பணக்காரங்க இப்ப காசு கொடுத்து அந்தத் தரையைத்தான் போடறாங்க.

திரைக்குப் புதுத் துணி வாங்க வேண்டாம். ஒரு சேலை அஞ்சரை மீட்டர். நாலாக மடிச்சு வெட்டினா, ஒவ்வொண்ணும் சுமார் ஒண்ணே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். மூணுக்கு நாலு அடி ஜன்னலுக்கு, மடிப்பு விழ ரெண்டு துண்டு. ஒரு சேலையில் ரெண்டு ஜன்னல் முடிஞ்சுது. நம்ம குழுக்களில் தையல் மெஷின் கடன் வாங்கினவங்க எத்தனையோ பேர் இருக்கோம், அவங்ககிட்டயே கொடுங்க.

விளக்கு. கூடம் இருட்டா இருந்தா என்ன பண்ணியும் பழசாத்தான் தெரியும். ஓட்டு வீடா இருந்தா ரெண்டு கண்ணாடி ஓடு மாத்துங்க, பகல் முழுக்க வெளிச்சம் இலவசம். ராத்திரிக்கு, பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் அஞ்சு மணி நேரம் எரிஞ்சா மாசம் 9 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்ஈடி ஒன்றரை யூனிட்டுக்குள்ள முடிஞ்சுடும். பழைய 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். இப்ப வர்ற 30 வாட் ஃபேனுக்கு 22 யூனிட் போதும். நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறுக்குள்ள நிக்கிறதா தாண்டறதான்னு தீர்மானிக்கிறது பெரும்பாலும் இந்த ஃபேன்தான். ஃபேன் விலை கொஞ்சம் அதிகம்தான், பழசு கெட்டுப் போறப்ப மாத்துங்க, ஓடறதைக் கழட்ட வேண்டாம். வயர் வேலை மட்டும் நாமளே செய்யக் கூடாது. அதுக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, ஷாக் அடிச்சா தானா கரண்ட்டை நிறுத்தற பிரேக்கரையும் போடச் சொல்லுங்க.

இப்ப அந்த அக்கா வீட்டுக்கு வருவோம். நாங்க புரட்டாசியிலேயே மண்ணை இறக்கி, வாய்க்கால் எடுத்துட்டோம். ஐப்பசி மழையில் சுவர் நனையாம காத்தோம். கார்த்திகை கடைசியில் பூச்சு, மார்கழியில் பட்டி, பெயிண்ட். கொத்தனார் கூப்பிடலை. ஒரு விஷயம் கேட்கறேன், நம்மில் எத்தனை பேர் வருஷக்கணக்கா கொத்தனார் பக்கத்தில் நின்னு பார்த்திருக்கோம்? கலவை பதம் நமக்குத்தான் தெரியும். ஆனா கரண்டியை மட்டும் நம்ம கையில் கொடுக்க மாட்டாங்க. கரண்டி பிடிச்சா கூலி ஏறிடும், அதனால் கொடுக்கறதில்லை. அன்னிக்கு நாங்களே பிடிச்சோம். முதல் சுவர் கொஞ்சம் அலை அலையா வந்தது. மூணாவது சுவர் நூல் பிடிச்ச மாதிரி வந்தது. அலை அடிச்ச சுவரில் காலண்டர் மாட்டிட்டோம்.

செலவு கணக்கு தீர்மானப் புத்தகத்தில் இருக்கு, அப்படியே படிக்கிறேன். வெளிவேலைக்கும் பூச்சுக்கும் சிமெண்ட், மணல் 1,900. பட்டி, பிரைமர், பெயிண்ட் 4,300. கதவு ஜன்னல் எனாமல் 850. எலக்ட்ரீஷியன் கூலி, விளக்கு, சுவிட்சு 1,750. கடப்பா கல் 1,400. திரைக்கம்பி, நூல் 600. வேலை செஞ்சவங்களுக்குச் சாப்பாடு, டீ 700. மொத்தம் 11,500. குழு கொடுத்த கடன் 12,000. நர்சிங் படிப்புக்கு 40,000 முழுசா கொடுத்தோம். கையிருப்பில் 6,000 மிச்சம் இருந்தது.

வட்டியையும் பாருங்க. எங்க குழுவில் மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய், குறையற அசலுக்கு. 12,000ஐ மாசம் 1,200 வீதம் பத்து மாசத்தில் கட்டினாங்க, வட்டி மொத்தம் 660. அவங்க கேட்ட 65,000 கொடுத்திருந்தா, 20 மாசத்தில் கட்டினாலும் அதே வட்டிக்கு 6,825 ஆகியிருக்கும், மாசத் தவணை மூவாயிரத்துக்கு மேல. இது நம்ம குழு வட்டி. வெளியில் அஞ்சு வட்டிக்கு 20,000 வாங்கினா மாசம் ஆயிரம் வட்டி, பத்து மாசத்தில் பத்தாயிரம் போயும் அசல் அப்படியே நிக்கும். 'ஒரே விகித வட்டி'ன்னு கடையில் சொன்னாலும் உஷாரா இருங்க. 20,000க்கு மாசம் ரெண்டு ரூபா ஒரே விகிதம்னா பத்து மாசத்துக்கு 4,000. குறையற அசலுக்கு ஒரு ரூபான்னா 1,100. ரெண்டுக்கும் ஒரு ரூபாதான் வித்தியாசம்னு நினைப்போம், கட்டறப்பதான் தெரியும்.

நுண்கடன் கம்பெனிக்காரங்க வீட்டு வாசலில் வந்து கொடுக்கறாங்க, அதையும் சொல்லணும். ரிசர்வ் வங்கி 2022லேர்ந்து விதி வெச்சிருக்கு. வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு அடமானம் கேட்காம கொடுக்கிற கடன் நுண்கடன். ஒரு குடும்பத்தோட எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாச வருமானத்தில் பாதிக்கு மேல போகக் கூடாது. முன்கூட்டியே கட்டினா அபராதம் கிடையாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வட்டி எவ்வளவுன்னு எழுத்தில் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. என் சொந்த அளவுகோல் இன்னும் கடுமையானது. கூடத்துக்காக ரெண்டாவது இடத்தில் கடன் வாங்கவே கூடாது.

மாப்பிள்ளை வீட்டார் தை ரெண்டாவது வாரம் வந்தாங்க. கூடத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசலை. அவங்க பாட்டி மட்டும், "வீடு வெளிச்சமா இருக்குதும்மா"ன்னு சொன்னாங்க. அந்தச் சம்பந்தம் ஜாதகம் பொருந்தலைன்னு நின்னு போச்சு. அக்கா ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாவது நாள் கூட்டத்துக்கு வந்து, முதல் தவணை 1,200ஐயும் வட்டியையும் கட்டினாங்க. 65,000 வாங்கியிருந்தா அந்த முகத்தோட மூவாயிரத்துச் சில்லறை கட்டியிருக்கணும், அதுவும் 20 மாசம். அதுக்கப்புறம் அடுத்த ஆவணியில் அந்தப் பொண்ணுக்கு வேற இடத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெண் பார்க்கவே கூடத்துக்குள்ள வரலை, கோயில்ல வெச்சுப் பார்த்துட்டாங்க! நர்சிங் படிச்ச பொண்ணு இப்ப வேலைக்குப் போகுது. அதோட அம்மா, கூடம் வேலை நடந்த எல்லா நாளும் மண்வெட்டி பிடிச்சவங்க.

இதிலிருந்து நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வெக்கிறேன், செயலாளர் எழுதிக்கணும். 'வீட்டுப் பராமரிப்பு'ன்னு கடன் கேட்டா, தீர்மானம் போடறதுக்கு முன்னாடி ரெண்டு உறுப்பினர் போய் அந்த வீட்டைப் பார்த்துட்டு வரணும். ஓதம் இருக்கா, ஒழுகுதா, வயர் எப்படின்னு ஒரு பக்கத்தில் எழுதணும். அதைச் சரி பண்ற செலவுக்கு முதல்ல கடன், மத்தது அப்புறம். இன்னொண்ணு, ஊருக்கு ரெண்டு பெண்களுக்காவது பூச்சு வேலையும் பெயிண்ட் வேலையும் முறையா சொல்லிக் கொடுக்க மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி கேட்கணும். 2011ல வந்த 300 சதுர அடி பசுமை வீடுகள் இப்ப நம்ம ஊர்ல பழசாகிக்கிட்டு வருது. இப்ப 360 சதுர அடியில் கனவு இல்லம் வீடுகளும் எழும்பிக்கிட்டு இருக்கு. அதுக்கெல்லாம் பராமரிப்பு வேலை வரும். அந்தக் கூலி வெளியூர்க்காரங்க கைக்குப் போகணுமா, நம்ம குழுப் பெண்கள் கைக்கு வரணுமான்னு பொதுக்குழு இன்னிக்கே பேசினா நல்லது.

சாப்பாட்டுக்கு அப்புறம் பின்பக்கம் வேப்ப மரத்தடியில், நாலு நாளா ஊறின சுண்ணாம்பு ரெண்டு டிரம் வெச்சிருக்கோம். எப்படிக் கரைக்கிறது, எப்படி அடிக்கிறதுன்னு காட்டறோம். கழிவறைக்குப் பக்கத்துச் சுவரைத் தலைவி அக்கா அனுமதியோட எடுத்துக்கிட்டிருக்கோம். நல்ல சேலை கட்டினவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.